பட்டமும் பதிவேடும்

தோற்றுவாய்

பல் போனால் சொல் போயிற்று என்பது தமிழ் மக்களிடையே வழங்கிவரும் பழமொழி. பல்லின் அருமையை உணர்ந்த அம்மக்கள் ஆலங்குச்சியாலும் வேலங்குச்சியாலும் பல் துலக்கினர். வலி கண்டபோது கிராம்பையும் உப்பு நீரையும் நாடினர். எனினும், பல்லுக்கு மருத்துவம் செய்வோரின் கல்வியை அளந்து, அவர்தம் பெயரைப் பதிவேட்டில் எழுதி, தொழில் உரிமம் வழங்கும் முறை உலகெங்கும் அண்மைக் காலத்தில் தோன்றியதே ஆகும். அதன் வயது இருநூறு ஆண்டுகளை இன்னும் எட்டவில்லை.

இம்முறை தோன்றிய நாள்முதல் அதனுடன் ஒரு சிக்கலும் பிறந்துவிட்டது. பட்டத்தை வழங்குவது பல்கலைக்கழகம். தொழில் செய்யும் உரிமையை வழங்குவதோ நாட்டின் சட்டம். பட்டம் அதனைப் பெற்றவருடன் கடல் கடந்து செல்லும். உரிமம் எல்லையைத் தாண்டாது. பிறநாட்டில் பயின்று திரும்பும் பல் மருத்துவர் ஒருவர் இரண்டு முறை அளக்கப்படுகிறார். முதன்முறை அளப்பவர் ஆசிரியர். இரண்டாம் முறை அளப்பவர் பதிவாளர். இவ்விரண்டாம் அளவை எவ்வாறு தோன்றியது, எக்காலத்தில் நெகிழ்ந்தது, எக்காலத்தில் இறுகியது என்பதை மலாயா, சிங்கப்பூர் ஆகியவற்றின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வது பயனுடையது. பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பிப் பல் மருத்துவம் பயிற்றுவிக்கும் குடும்பங்கள் தமிழர் நடுவே மிகுதி. ஆதலின் இது வெறும் சட்ட வரலாறு மட்டும் அன்று.

பிரிட்டனின் முன்மாதிரி

பல் மருத்துவத்துக்கெனத் தனிக் கல்லூரி ஒன்று முதன்முதலில் எழுந்தது அமெரிக்காவில். 1840இல் பால்டிமோர் நகரில் ஹொரேஸ் ஹேடன், சேப்பின் ஹாரிஸ் என்னும் இருவர் அதனை நிறுவினர். அடுத்த ஆண்டே அலபாமா மாநிலம் பல் மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் ஒன்றை இயற்றியது. பிரிட்டனில் அரச அறுவை மருத்துவர் கல்லூரி 1860இல் பல் அறுவை மருத்துவத்துக்கான உரிமப் பட்டயத்தை வழங்கத் தொடங்கியது. ஆயினும், மலாயாவின் சட்டங்களுக்குத் தாயாக அமைந்தவை 1878ஆம் ஆண்டிலும் 1921ஆம் ஆண்டிலும் பிரிட்டனில் இயற்றப்பட்ட பல் மருத்துவர் சட்டங்களே எனலாம்.

1878ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பதிவேட்டைத் தோற்றுவித்தது. பதிவு பெற்றவர் மட்டுமே பல் மருத்துவர் என்னும் பெயரைச் சூடலாம் என்று விதித்தது. அப்பதிவேட்டிலேயே குடியேற்ற நாடுகளில் தகுதி பெற்றோருக்கு ஒரு பட்டியலும், அயல்நாடுகளில் தகுதி பெற்றோருக்கு ஒரு பட்டியலும் தனித்தனியே அமைந்தன. வெளிநாட்டில் பயின்றவரை என்ன செய்வது என்னும் வினா, பதிவேடு பிறந்த அன்றே உடன் பிறந்ததற்கு இதுவே சான்று.

அச்சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பெயரைத்தான் அது காத்ததே ஒழியத் தொழிலைக் காக்கவில்லை. பல் மருத்துவர் என்று பலகை மாட்டாமல் பல் பிடுங்குவோரை அது தடுக்கவில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டமே அவ்வோட்டையை அடைத்து, பதிவு பெறாதோர் தொழில் செய்வதையே தடைசெய்தது. ஆனால், ஒரே நாளில் எல்லாரையும் வெளியேற்றினால் அவர்கள் பிழைப்பும் கெடும். மக்களுக்குப் பல் பார்க்கவும் ஆள் இராது. ஆகவே, முந்திய ஏழு ஆண்டுகளில் ஐந்தாண்டுக் காலம் தொழில் செய்து வந்தவர்கள், பட்டயம் இல்லாவிடினும், நன்னடத்தை உடையோராயின் பதிவு பெறலாம் என்று வழிவிட்டது. கதவை அடைக்கும் முன் உள்ளே இருப்போரை ஏற்றுக்கொள்ளும் இம்முறை பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவிற்று.

பதிவேடு இல்லாத மலாயா

இச்சட்டங்கள் பிரிட்டனில் எழுந்த காலத்தில் மலாயாவில் பல் மருத்துவம் பெரிதும் கைத்தொழிலாகவே நிலவியது. சீனாவின் ஹூபே மாநிலத்திலிருந்து, சிறப்பாகத் தியன்மென் வட்டாரத்திலிருந்து வந்து குடியேறியோர், செயற்கைப் பல் கட்டும் தொழிலுக்குப் பெயர் பெற்றிருந்தனர். தந்தையிடம் மகனும் மாமனிடம் மருமகனும் கற்று வளர்த்த தொழில் அது. போருக்கு முன்னர் ஜப்பானியப் பல் மருத்துவர்களும் மலாயா நகரங்களில் கடை வைத்திருந்தனர். பிரிட்டனில் தகுதி பெற்றோர் மிகச் சிலரே. அவர்களும் பெருநகரங்களில் வாழ்ந்தனர். ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளருக்கோ பல்வலி என்றால் தோட்டத்து மருந்தகமும் அங்குள்ள டிரெசருமே கதி. வலி பொறுக்கும் வரை பொறுப்பதும், பொறுக்க இயலாதபோது பல்லைப் பிடுங்கி எறிவதுமே அன்றைய மருத்துவம்.

இத்தகைய சூழலில், வெளிநாட்டில் கற்றவரின் பட்டம் செல்லுமா என்னும் கேள்விக்கே இடமில்லை. பதிவேடு இல்லாத நாட்டில் யாரையும் தடுப்பார் இல்லை. யாரையும் தகுதியுடையோர் எனச் சான்று கூறுவாரும் இல்லை. மூன்றாண்டு கற்றவரும் மூன்று மாதம் கற்றவரும் ஒரே தெருவில் ஒரே பலகையை மாட்டிக்கொள்ளலாம். நோயாளிக்கு வேறுபாடு தெரிய வழியில்லை.

கற்று வந்து கட்டியவர் இருவர்

இந்நிலையை மாற்றியவர்களில் இருவர் இங்கு நினைக்கத்தக்கவர். இருவரும் தாம் தொழில் செய்த நாட்டுக்கு வெளியே பயின்றவர்கள். ஒருவர் இந்தியாவில் பணியாற்றினார். மற்றவர் சிங்கப்பூரில் பணியாற்றினார். பிற்காலத்தில் மலாயா இந்தியர் பலர் பல் மருத்துவம் கற்க இந்தியாவுக்கே சென்றனராதலின், இந்திய வரலாற்றையும் உடன் காண்பது பொருந்தும்.

முன்னவர் டாக்டர் ரஃபியுதீன் அகமது. கிழக்கு வங்காளத்தில் 1890இல் பிறந்த இவர், அமெரிக்கா சென்று அயோவா பல்கலைக்கழகத்தில் பயின்று 1915இல் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். பாஸ்டன் நகரில் குழந்தைகளுக்கான ஃபோர்சைத் பல் மருத்துவமனையில் சில ஆண்டுகள் பணியாற்றினார். 1919இல் தாயகம் திரும்பினார். அங்கு அவருடைய பட்டத்தை மறுப்பதற்கும் ஏற்பதற்கும் ஒரு மன்றமும் இல்லை. ஒரு மருத்துவமனை திறந்து பொருள் ஈட்டி வாழ்ந்திருக்கலாம்; எவரும் குறை கூறியிரார். அவரோ கல்கத்தாவில் 1920இல் ஒரு பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவின் முதற் பல் மருத்துவக் கல்லூரி அதுவே. அதற்கு வேண்டிய பொருளைத் திரட்ட, நியூயார்க் சோடா பவுன்டன் என்னும் பெயரில் குளிர்பானக் கடை ஒன்றையும் நடத்தினார் என்பது வியத்தற்குரியது. 1923இல் பம்பாயில் பல் மருத்துவமனை திறந்த பாத்திமா ஜின்னா இக்கல்லூரியில் பயின்றவரே.

கல்லூரியோடு அவர் நின்றாரில்லை. 1925இல் பல் மருத்துவ இதழ் ஒன்றைத் தொடங்கினார், சங்கம் கண்டார். 1939இல் வங்காளத்தில் பல் மருத்துவர் சட்டம் பிறப்பதற்கும் அவரே முன்னின்றார். அயல்நாட்டுப் பட்டத்துடன் திரும்பியவர், தம் பின்னே வருவோரை அளப்பதற்கான அளவுகோலையும் தாமே செய்து கொடுத்தார். 1949இல் தம் கல்லூரியை அரசுக்கே வழங்கினார். மேற்கு வங்காளத்தின் அமைச்சராகவும் விளங்கினார். 1964இல் பத்மபூஷண் விருது பெற்று, 1965இல் மறைந்தார். அவர் தொடங்கிய கல்லூரி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பின்னவர் பேராசிரியர் எட்கர் கிங்ஸ்லி டிராட்மன். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பயின்ற இவர், சிங்கப்பூரில் இருந்த ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் 1929இல் பல் மருத்துவத் துறை தொடங்கப்பட்டபோது அதன் முதற் பேராசிரியரானார். 1905இல் மருத்துவப் பள்ளியாகத் தோன்றி வளர்ந்த அக்கல்லூரியில், பல் மருத்துவம் உள்ளூரிலேயே கற்கும் வாய்ப்பு அன்றுதான் பிறந்தது. மலாயா இளைஞர் ஒருவர் கப்பலேறாமல் பல் மருத்துவராகும் வழி அதுவே. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் டிராட்மன் சிங்கப்பூரில் சிறைக்காவலில் இருந்தார். போருக்குப் பின் மீண்டும் பணியைத் தொடர்ந்தார்.

1948: ஓர் ஆண்டில் இரு சட்டங்கள்

உள்ளூர்க் கல்லூரி பட்டதாரிகளை உருவாக்கத் தொடங்கிய பின், பட்டமில்லாதோர் நிலை என்ன என்னும் கேள்வி தவிர்க்க இயலாததாயிற்று. போர் முடிந்து நாடுகள் புதுவடிவம் பெற்ற 1948ஆம் ஆண்டில், இந்தியாவிலும் மலாயாவிலும் பல் மருத்துவர் சட்டங்கள் பிறந்தன.

இந்தியச் சட்டம் பதிவேட்டை இரண்டு பகுதிகளாக வகுத்தது. ஏற்கப்பட்ட பட்டம் உடையோர் முதற் பகுதியில் இடம் பெற்றனர். பட்டமின்றி ஐந்தாண்டுக்குக் குறையாமல் பல் மருத்துவத்தையே பிழைப்பாகக் கொண்டோர் இரண்டாம் பகுதியில் இடம் பெற்றனர். அடுத்த ஆண்டில் இந்தியப் பல் மருத்துவ மன்றம் அமைந்தது. மலாயாவின் பல் மருத்துவர் பதிவுச் சட்டமும் ஏறத்தாழ இதே வழியில் சென்றது. பட்டதாரிகளுக்கு முதற் பிரிவு. சட்டம் வருமுன்னரே தொழில் செய்து வந்த பட்டமில்லாதோருக்கு இரண்டாம் பிரிவு. ஹூபே மக்களின் வழிவழிப் பல் கலைஞர் பலர் இவ்விரண்டாம் பிரிவின் வழியே சட்டத்தின் நிழலுக்குள் வந்தனர். இன்றும் மலேசியாவின் பழைய நகரங்களில் மூத்தோர் சிலர் நினைவுகூரும் பல் கடைகள் அவர்களுடையவையே.

இரண்டாம் பிரிவு, காலம் செல்லச் செல்லத் தேய வேண்டிய பட்டியல். அதில் உள்ளோர் மறைய மறைய அது சுருங்கும். புதியோர் சேர வழியில்லை. சட்டம் உள்ளே இருந்த கல்லாதவரிடம் இரக்கம் காட்டியது. வெளியிலிருந்து வரும் கற்றவரிடமோ, கற்றது எங்கே என்று கேட்டது. இவ்வேறுபாட்டை நியாயமற்றது எனக் கருதுவோர் உண்டு. ஆனால் முன்னவரின் தொழிலை ஊர் பல்லாண்டு கண்டிருந்தது. பின்னவரின் தொழிலை ஊர் இன்னும் காணவில்லை. அக்காலச் சட்டத்தின் உள்ளக்கிடக்கை அதுவாகும்.

ஆள் பற்றாக்குறைக்கு வேறொரு தீர்வும் அப்போது காணப்பட்டது. நியூசிலாந்து 1921 முதல் பள்ளிப் பல் தாதியரைப் பயிற்றுவித்து வந்தது. அதனைப் பின்பற்றி 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. பட்டம் பெறாவிடினும் முறையாகப் பயின்ற இப்பெண்கள், பல் மருத்துவரின் மேற்பார்வையில் பள்ளிச் சிறார்க்குச் சிகிச்சை அளித்தனர். தமிழ்ப்பள்ளி மாணவர் பலர் தம் வாழ்நாளில் முதன்முதலாகக் கண்ட பல் மருத்துவ நாற்காலி, இத்தாதியர் பள்ளிக்குக் கொண்டுவந்த நாற்காலியே.

எல்லை நகர்ந்தது, பட்டமும் நகர்ந்தது

1949இல் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் தோன்றியது. பல் மருத்துவத் துறை அதில் இணைந்தது. மலாயா விடுதலை பெற்றது 1957இல். பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிந்தது 1962இல். சிங்கப்பூரில் இருந்த பகுதி சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஆயிற்று. 1963இல் மலேசியா உருவாகி, 1965இல் சிங்கப்பூர் தனிநாடானது. பல் மருத்துவத் துறை சிங்கப்பூரிலேயே நின்றுவிட்டது. அதனால், ஈப்போவிலிருந்தோ சிரம்பானிலிருந்தோ சென்று பயின்ற மாணவர் ஒருவர் முன்பு பெற்றது உள்நாட்டுப் பட்டம். அதே கட்டடத்தில், அதே ஆசிரியரிடம், அவர் தம்பி சில ஆண்டு கழித்துப் பெற்றதோ வெளிநாட்டுப் பட்டம். அப்பட்டம் மலேசியாவில் தொடர்ந்து ஏற்கப்பட்டது என்பது உண்மை. ஆயினும், வெளிநாட்டுப் பட்டம் என்பது கல்வியின் தன்மையைக் குறிக்கும் சொல் அன்று. அரசியல் எல்லையைக் குறிக்கும் சொல்லே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

கோலாலம்பூரில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகம் 1972இல்தான் தனக்கெனப் பல் மருத்துவப் புலத்தைத் தொடங்கியது. அதற்கு முன்னர் மலேசிய மாணவருக்குச் சிங்கப்பூரை விட்டால் கடல் கடப்பதே வழி. கொழும்புத் திட்டத்தின் உதவி பெற்றோர் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் சென்றனர். வசதியுடையோர் பிரிட்டனுக்குச் சென்றனர். இந்தியாவுக்குச் சென்றோரும் பலர். சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக 1953இல் பல் மருத்துவக் கல்வி தொடங்கியிருந்தது. கர்நாடகத்தின் மணிப்பாலில் 1965இல் பல் மருத்துவக் கல்லூரி எழுந்தது.

1970களில் உள்நாட்டு உயர்கல்வி இடங்கள் புதிய பொருளாதாரக் கொள்கையின் வழியே ஒதுக்கப்பட்டபோது, இந்திய வமிசாவளி மாணவர் பலருக்கு இந்தியாவே உயர்கல்வியின் வாயிலாயிற்று. மொழியும் உணவும் ஓரளவு பழகியவை. கட்டணமும் மேலை நாடுகளினும் குறைவு. தந்தையின் சேமநிதியும் தாயின் நகையும் கட்டணமாக மாறின. ஒரு பிள்ளையின் பட்டத்தின்மேல் ஒரு குடும்பத்தின் முழுச் சேமிப்பும் ஏறி அமர்ந்தது. எனவே, அப்பட்டம் தாயகத்தில் ஏற்கப்படுமா என்னும் வினா அக்குடும்பத்துக்கு வாழ்வா தாழ்வா என்னும் வினாவாகவே இருந்தது.

அட்டவணையின் ஆட்சி

அவ்வினாவுக்கு விடை கூறியது 1971ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டம். பழைய பதிவுச் சட்டத்தின் இடத்தில் வந்த இது, மலேசியப் பல் மருத்துவ மன்றத்தை அமைத்தது. ஏற்கத்தக்க பட்டங்கள் எவை, அவற்றை வழங்கும் பல்கலைக்கழகங்கள் எவை என்பதைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வரிசைப்படுத்தியது. பட்டம் அட்டவணையில் இருந்தால் பதிவு கிட்டும். இல்லையேல் கற்றவர் எத்துணைத் திறமையுடையவராயினும் முதல் வாயிலிலேயே நிற்க வேண்டும்.

அட்டவணை முறைக்கு இரண்டு நன்மைகள் உண்டு. ஒன்று, அது வெளிப்படையானது. பயில்வதற்கு முன்பே எவரும் பார்த்துக்கொள்ளலாம். மற்றொன்று, ஆள் பார்த்து முடிவு செய்யும் சலுகைக்கு அதில் இடம் குறைவு. ஆனால் குறையும் உண்டு. அட்டவணை அளப்பது கல்லூரியை, கற்றவரை அன்று. சிறந்த கல்லூரியில் தேறிய மந்த மாணவர் உள்ளே வருவார். பெயரறியாக் கல்லூரியில் தேறிய திறமையாளர் வெளியே நிற்பார். மேலும், அட்டவணை மாறக்கூடியது. மாணவர் ஐந்தாண்டு பயில்கிறார். அவர் சேர்ந்த நாளில் இருந்த நிலை அவர் தேறும் நாளிலும் இருக்கும் என்பதற்கு எப்போதும் உறுதியில்லை.

அண்டைத் துறையான பொது மருத்துவத்தில் நிகழ்ந்த ஒன்று இதனை நன்கு விளக்கும். அப்போது உக்ரேனுக்கு உட்பட்டிருந்த கிரிமியாவில் இயங்கிய மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டத்துக்கு அளித்த ஏற்பை விலக்கிக்கொள்வதாக 2005இல் மலேசிய அரசு அறிவித்தது. அங்குப் பயின்ற மலேசியருள் இந்தியக் குடும்பங்களைச் சேர்ந்தோர் மிகப் பலர். நாடெங்கும் எழுந்த கலக்கம் பலருக்கும் நினைவிருக்கும். கற்கும் நாட்டைத் தேர்ந்தெடுப்பதோடு, திரும்பி வரும் நாட்டின் பதிவேட்டையும் கண்காணிக்க வேண்டும் என்னும் பாடத்தைச் சமுதாயம் அன்று பெருவிலை கொடுத்துக் கற்றது.

அடைபட்ட வாயில்கள்

மலேசியாவின் வாயிலைப் போலவே பிறநாட்டு வாயில்களும் காலந்தோறும் மாறின. பிரிட்டனில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொதுப் பல் மருத்துவ மன்றம் தோன்றிப் பதிவேட்டை ஏற்றுக்கொண்டது. குடியேற்ற நாட்டுக் காலத்து உறவின் தொடர்ச்சியாக, சிங்கப்பூர்ப் பட்டம் உட்படப் பல காமன்வெல்த் பட்டங்கள் அங்குத் தேர்வின்றி ஏற்கப்பட்டு வந்தன. 2000ஆம் ஆண்டின் இறுதியோடு அவ்வழி பெரிதும் முடிந்தது. அதன்பின் பட்டம் பெற்றோர் 2001 முதல் அனைத்துலகத் தகுதித் தேர்வையும், 2007 முதல் அதன் இடத்தில் வந்த வெளிநாட்டார் பதிவுத் தேர்வையும் எழுத வேண்டியவராயினர். இத்தேர்வு எழுத்து, செய்முறை என இரு பகுதிகளை உடையது. செய்முறைத் தேர்வுக்கான இடங்கள் சிலவே, காத்திருப்போர் பலர். தேறாத இடைக்காலத்தில் பல் துப்புரவாளராகவோ பல் சிகிச்சையாளராகவோ பதிவு பெற்றுப் பிழைக்கும் வழி ஒன்று பல்லாண்டு திறந்திருந்தது. 2023இல் அதுவும் அடைக்கப்பட்டது.

அமெரிக்காவில் நிலை இன்னும் கடினம். அங்கு உரிமம் வழங்குவது மாநிலங்கள். வெளிநாட்டில் தேறியவர் பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் மீண்டும் மாணவராக அமர்ந்து, அந்நாட்டுப் பட்டத்தையே பெற வேண்டும். அதற்கான கட்டணமும் மிகப் பெரிது. ஆஸ்திரேலியாவில் பல் மருத்துவ மன்றத்தின் எழுத்துத் தேர்வையும் செய்முறைத் தேர்வையும் கடக்க வேண்டும். இந்தியாவும் விலக்கன்று. வெளிநாட்டில் பல் மருத்துவம் பயின்று திரும்பும் தன் குடிமக்களுக்கே அது தகுதிகாண் தேர்வை விதித்துள்ளது. ஒரு காலத்தில் அயோவாவிலிருந்து திரும்பிய டாக்டர் அகமதுவை எந்தக் கேள்வியும் இன்றி ஏற்ற நாடு, இன்று அவர் போல் திரும்புவோரைத் தேர்வு எழுதச் சொல்கிறது. இது அவருடைய உழைப்பின் தோல்வி அன்று, வெற்றியே. அளவுகோல் வேண்டும் என்று முதலில் வாதாடியவர் அவரல்லரோ?

பதிவேட்டின் நியாயம்

இத்தனை தடைகளும் உள்நாட்டாரின் வருவாயைக் காப்பதற்கே எனக் குறை கூறுவோர் உளர். அதில் சிறிதும் உண்மையில்லை என்று கூற இயலாது. ஆயினும், தடைக்கு வேறொரு நியாயமும் உண்டு. அதனை விளக்க டிராட்மன் பேராசிரியரின் ஆய்வே போதும்.

கீழ்த்தாடையின் முதற் கடைவாய்ப் பல்லுக்கு ஐரோப்பியரிடம் பொதுவாக இரண்டு வேர்கள். சீனர், மலாய்க்காரர் முதலிய ஆசிய மக்களிடம் மூன்றாவது வேர் ஒன்று குறிப்பிடத்தக்க அளவில் காணப்படுகிறது. மூன்று வேருள்ள இப்பற்கள் எந்தெந்த மக்களிடம் எவ்வாறு பரவியுள்ளன என்பதைப் பற்றி டிராட்மன் 1938இல் எழுதினார். ஐரோப்பிய நூல்களை மட்டும் கற்று வந்தவர் இரண்டு வேர்களை எடுத்துவிட்டு வேலை முடிந்தது எனக் கருதலாம். மூன்றாவது வேர் தாடையில் தங்கிவிடும். அதுபோலவே, வெற்றிலை பாக்குடன் புகையிலை சேர்த்து மெல்லும் வழக்கத்தால் வரும் வாய்ப் புற்றுநோய் மலேசியாவில் இந்தியரிடையே மிகுதி. அப்பழக்கம் இல்லாத நாட்டில் பயின்றவர் அதன் தொடக்கக் குறியான வெண்படலத்தைக் கண்டு ஐயுறாமல் கடந்துபோகக் கூடும். பல் எங்கும் பல்லே. ஆனால் வாய் அந்தந்த நாட்டு மக்களின் உணவையும் பழக்கத்தையும் சுமந்திருப்பது. பட்டம் பெற்றவர் இந்நாட்டு வாயை அறிவாரா என்று கேட்பதில் பிழையில்லை.

பிழை வேறிடத்தில் உள்ளது. கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்காமல், ஐந்தாண்டும் அரும்பொருளும் செலவான பின் கேட்பதே பிழை. அதனை முன்கூட்டிக் கேட்க வேண்டிய கடமை சட்டத்துக்கு மட்டும் உரியதன்று. பெற்றோருக்கும் மாணவருக்கும் வழிகாட்டுவோருக்கும் உரியது.

இன்றைய நிலை

மலேசியாவில் 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டம் 2022 ஜனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்து, 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அட்டவணையில் இல்லாத பட்டம் பெற்றோர் தொழில்தகுதித் தேர்வு எழுதித் தம் திறமையை நிலைநாட்ட இது வழி வகுத்தது. கல்லூரியை மட்டும் அளந்த முறையில், கற்றவரையும் அளக்கும் முறை இவ்வாறு சேர்ந்துகொண்டது. சிறப்பு மருத்துவருக்குத் தனிப் பதிவேடு அமைந்தது. பினாங்கில் தொடங்கிய பல் தாதியரின் வழிவந்த பல் சிகிச்சையாளருக்கும் பதிவு கிட்டியது.

பதிவு பெற்றதோடு கடமை முடிவதில்லை. ஆண்டுதோறும் தொழிற் சான்றிதழைப் புதுப்பித்தல் வேண்டும். அதற்குத் தொடர்கல்வியும் வேண்டும். புதிதாகப் பதிவு பெறுவோர் அரசுப் பணியில் கட்டாயமாகச் சில காலம் கழிக்க வேண்டும் என்னும் விதி, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆள் பற்றாக்குறையின் பயனாய் வந்தது. பின்னர் அரசு, தனியார் கல்லூரிகள் பெருகிப் பட்டதாரிகளும் பெருகினர்; நிலையான அரசுப் பணி என்பது ஒப்பந்தப் பணியாக மாறிற்று. பல் மருத்துவப் பட்டம் பெற்றால் அரசு வேலை உறுதி என்று 1980களில் பெற்றோர் நம்பியது அன்றைய உண்மை. இன்றைய உண்மை அன்று.

ஆகவே, வெளிநாட்டில் பயில எண்ணும் மாணவர் முன் வழிகள் சில உள்ளன. தாயகம் திரும்பிப் பொது மருத்துவராகத் தொழில் செய்யலாம். மேற்படிப்பால் சிறப்பு மருத்துவராகலாம். ஆசிரியராகவும் ஆய்வாளராகவும் அமையலாம். மூன்றாம் நாடு ஒன்றில் தேர்வெழுதிக் குடியேறலாம். ஒவ்வொரு வழிக்கும் ஒரு பதிவேடு உண்டு. ஒவ்வொரு பதிவேட்டுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. சேரவிருக்கும் கல்லூரியின் பட்டம் இன்றைய பட்டியலில் உளதா, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை ஏற்கப்படுகிறது, ஏற்கப்படாவிடின் தேர்வு எழுத இடமுண்டா என்பவற்றைக் கல்லூரியின் முகவரிடம் கேட்பதை விட மன்றத்திடமே கேட்டறிவது அறிவுடைமை. முகவருக்குக் கட்டணம் குறிக்கோள், மன்றத்துக்கு அப்படியன்று.

முடிவுரை

ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுப் பதிவேட்டு வரலாறு ஒன்றைத் தெளிவாக உணர்த்துகிறது. ஆள் பற்றாக்குறை வந்தபோதெல்லாம் வாயில் அகன்றது. ஆள் பெருகியபோதெல்லாம் அது குறுகிற்று. 1921இலும் 1948இலும் கல்லாதோரையும் ஏற்ற பதிவேடு, பிற்காலத்தில் கற்றோரையும் காக்க வைத்தது. வாயிலின் அகலம் காலத்தைப் பொறுத்தது. ஆனால் வாயிலில் நிற்போர் கேட்கும் கேள்வி மாறவில்லை: இவர் கையில் ஒரு மனிதனின் வாயை நம்பி ஒப்படைக்கலாமா?

அக்கேள்விக்கு விடையாக அமைவதே பட்டம். அவ்விடையை ஏற்பதும் மறுப்பதும் பதிவேட்டின் உரிமை. இவ்விரண்டின் வேறுபாட்டை ஐந்தாம் படிவத்திலேயே மாணவர் அறிவாராயின், பல குடும்பங்களின் கண்ணீர் தவிர்க்கப்படும். மேற்படிப்பைப் பற்றி ஆலோசனை கேட்டு வருவோரிடம், எங்கே படிக்கப் போகிறாய் என்று கேட்கும் ஆசிரியர், எந்த நாட்டுப் பதிவேட்டில் உன் பெயர் எழுதப்பட வேண்டும் என்றும் உடன் கேட்பது நலம். முதற் கேள்விக்குரிய விடை இரண்டாம் கேள்வியின் விடைக்குப் பின்னரே கிடைக்கும்.